பெட்டி கேட்ட எண்ணெய்

என் தம்பியை இந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெட்டிக்காரர் என்பார்கள். பெட்டி என்றால் பாட்டுப் பெட்டி, ஜூக்பாக்ஸ். காசைப் போட்டு ஓர் எழுத்தையும் ஓர் எண்ணையும் அழுத்தினால், கண்ணாடிக்குள் வரிசையாக நிற்கும் இசைத்தட்டுகளில் ஒன்றை ஓர் இரும்புக் கை உருவி எடுத்து, திருப்பிப் படுக்க வைத்துப் பாட வைக்குமே, அது. என் காபிக் கடையின் மூலையில் ஒன்று நிற்கிறது. என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வாங்கிப் போட்டது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பெட்டி போகவில்லை. ரெண்டு மேசை போடக்கூடிய இடத்தை அடைத்துக்கொண்டு, கரண்டைத் தின்றுகொண்டு, என் உயிரை வாங்கிக்கொண்டு நிற்கிறது. விற்றுத் தொலை என்று சொல்லாத ஆள் இல்லை. விற்பதும் விற்காததும் என் பாடு, அவர்களுக்கு என்ன வந்தது?

கடைகளுக்கும் கிளப்புகளுக்கும் பெட்டிகளை வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்று அப்போது இருந்தது. மீசை அரும்பும் வயதில் தம்பி அதன் பட்டறையில் சேர்ந்தான். தகரக் கூரை போட்ட நீள அறை, பேருக்கு ஒரு ஜன்னல். உள்ளே ஏழெட்டுப் பெட்டிகள் ஒரே நேரத்தில் முழுச் சத்தத்தில் பாடிக்கொண்டிருக்கும், ஆளுக்கொரு பாட்டு. நடுவில் இவன் ஸ்க்ரூ டிரைவரைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சாப்பாடு கொண்டுபோனால் நான் வாசற்படியிலேயே காதைப் பொத்திக்கொள்வேன்.

"எப்படிடா இதுக்குள்ள இருக்கே? எனக்கு மண்டை பிளக்குது."

"எனக்கு ஒவ்வொண்ணும் தனித்தனியாக் கேக்குதுக்கா" என்பான், பெரிய வித்வான் மாதிரி.

கம்பெனி மூடியபோது பெட்டிகளை அடிமாட்டு விலைக்கு ஆளாளுக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். வாங்கியவர்கள் இவனையும் சேர்த்துத்தான் வாங்கினார்கள் என்று சொல்ல வேண்டும். சலூனில் ஒன்று, ஆபீஸர்கள் சீட்டாடும் கிளப்பில் ஒன்று, ரயிலடி லாட்ஜில் ஒன்று, என் கடையில் ஒன்று, இன்னும் அங்கங்கே சில. எது மக்கர் பண்ணினாலும் இவனுக்குத்தான் ஆள் வரும். இவனும் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓடுவான்.

அவன் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று காபி குடித்துக்கொண்டிருப்பான். பெட்டி பாடும். கடையில் கூட்டம், பாத்திரம் உருளும், ஆட்கள் கத்துவார்கள். திடீரென்று டம்ளரை வைத்துவிட்டு, "தட்டு ஏறுறப்ப ஒரு டிக் வருதே, கேட்டியா? கையோட ஸ்பிரிங் தளர்ந்திருக்கு" என்பான்.

"எனக்குப் பால் பொங்குற சத்தம்தான்டா கேக்குது" என்று நான் அடுப்படிக்கு ஓடுவேன்.

திறந்து பார்த்தால் ஸ்பிரிங் தளர்ந்துதான் இருக்கும். மீட்டர் வைத்துப் பார்க்கிற வேலையைக்கூட அவன் காதால் பார்த்துவிட்டு, பிறகு பேருக்குத்தான் மீட்டரை வைப்பான். எண்ணெய் விடுவதிலும் அப்படித்தான். பழைய பெட்டிகளுக்கு எமனே அந்தக் காலத்தில் அள்ளி அப்பிய கிரீஸ்தான். வருஷக்கணக்கில் நின்றால் அது கல்லாகிவிடும். கை நகராது, தட்டு சுழலாது. அதை மண்ணெண்ணெயில் ஊற வைத்துச் சுரண்டிச் சுரண்டியே அவன் விரல் நகமெல்லாம் மஞ்சளாகிவிட்டது. அதனால் அவன் ஒரு சட்டம் வைத்திருந்தான். எண்ணெயை நாமாக ஊற்றக் கூடாது. பெட்டி கேட்க வேண்டும். ஓர் அச்சு லேசாக முனகினால் அந்த அச்சுக்கு மட்டும், ஊசி முனையால் ஒரு சொட்டு. முனகாத இடத்தில் கையே வைக்க மாட்டான்.

கல்யாணம் தள்ளித்தான் நடந்தது. பெண்டாட்டி துணிக்கடையில் பில் போடுகிறவள். நல்ல பெண். நாத்தனார் வாயாலேயே சொல்கிறேன், நல்ல பெண். ஆனால் குரல் இருக்கிறதே, அது தொண்டையை விட்டு வெளியே வருவதற்குள் களைத்துவிடும். மெல்லிசு, கீச்சென்று இருக்கும், பக்கத்தில் நிற்கிறவருக்கு மட்டும் எட்டும். அவர்களுக்கு ஒரே மகள், ஒன்றாம் வகுப்பு. அம்மாவின் குரல்தான் அதற்கும், ஆனால் அம்மாவுக்கும் சேர்த்துப் பேசும். பள்ளிக்கூடம் விட்டு என் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தால், எறும்பு எதற்காக வரிசையில் போகிறது என்பதில் தொடங்கி, டீச்சர் பொட்டு கோணலாக இருந்தது வரைக்கும் ஒன்று விடாது. "அத்தை, அத்தை" என்று கேட்டுக் கேட்டு என் காதில் ரத்தம் வராத குறை. என் குரலைப் பற்றிக் கேட்க வேண்டாம். நான் உள்ளே இருந்து ரெண்டு காபி என்றால் தெருமுனையில் இருப்பவன் எனக்கா என்று திரும்பிப் பார்ப்பான். என் வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் தகரக் குரல் என்றுதான் சொல்வார்.

தகராறு தொடங்கியது பெட்டியில்தான். அப்படித்தான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

ஒருநாள் பாட்டைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தான். "மேல் சத்தம் போச்சுக்கா" என்றான். வயலின், புல்லாங்குழல், ஜால்ரா, இந்த மாதிரி மேலே நிற்கிற சத்தங்கள் மழுங்கிப்போய்விட்டனவாம். எனக்கு எல்லாம் வழக்கம்போலத்தான் கேட்டது. ஆனால் அவன் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? தட்டின் மேல் ஓடும் முள்ளை மாற்றினான். தேறவில்லை. முள்ளைப் பிடித்திருக்கும் தலையையே மாற்றினான். தேறவில்லை. உள்ளே குட்டி பல்பு மாதிரி எரியும் வால்வுகளைக் கழற்றித் துடைத்து மாட்டினான். ஸ்பீக்கரை இறக்கிப் பழைய கடைகளில் எல்லாம் அலைந்து வேறு ஒன்றைக் கொண்டுவந்தான். ஒவ்வொரு முறையும் காதைச் சாய்த்துக் கேட்பான். தலையை ஆட்டுவான். கடைசியில் உள்ளே ஏதோ ரெண்டு பாகங்களை மாற்றிப் பற்ற வைத்து, மேல் சத்தத்தை மட்டும் இரண்டு மடங்காக ஏற்றிவிட்டான்.

அன்றிலிருந்து என் கடை கடையாக இல்லை. பாட்டு ஆரம்பித்தால் ஜால்ரா காதுக்குள் ஊசியாக இறங்கும். பெட்டிக்குப் பக்கத்து மேசைக்கு அடிபிடி நடக்கும் முன்பெல்லாம். இப்போது அத்தனை பேரும் வாசல் பக்கம் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"அக்கா, பெட்டியை ஏன் இப்படிக் கிள்ளி விட்டிருக்காரு?" என்றார் பக்கத்துக் கடைத் தையல்காரர். "அழுவுது பாருங்க."

சலூன்காரர் வீதியில் என்னை நிறுத்தி இதையே சொன்னார். அவர் கடைப் பெட்டியிலும் மேல் சத்தம் போய்விட்டதாம், அதற்கும் வைத்தியம் நடந்திருந்தது. "முடி வெட்டிக்க வர்றவன் தலையை ஆட்டுறான். நான் எங்க கத்திரி வைக்கிறது?"

ஒரே நேரத்தில் இரண்டு பெட்டிக்கும் ஒரே நோய் எப்படி வரும்? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமோ என்று கேட்பீர்கள். வயிற்றுப்பாட்டுக்கு அடுப்பில் நிற்கிறவளுக்கு எல்லாம் உடனே உறைக்குமா?

இதற்கு நடுவில்தான் தம்பி பெண்டாட்டி வந்தாள். மதியம், கூட்டம் கலைந்த நேரம். துணிக்கடை யூனிஃபாரம் சேலையோடு வந்து நின்றவள் உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"அண்ணி, நான் எங்க அம்மா ஊர்க் கிளைக்கு மாத்தல் கேட்டிருந்தேன். கிடைச்சிடுச்சு. பாப்பாவைக் கூட்டிட்டுப் போறேன்."

"அவன் அங்க வந்து என்ன பண்ணுவான்? இங்கதானே பெட்டி எல்லாம் இருக்கு."

"அவர் வரல. நாங்க ரெண்டு பேர் மட்டும்."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் கையில் இருந்த வடிகட்டியைக் கீழே வைத்தேன்.

"என்னம்மா ஆச்சு? குடிக்கிறானா? கை நீட்டினானா? சொல்லு, நான் தோலை உரிக்கிறேன்."

"அதெல்லாம் செஞ்சாக்கூட நான் அங்க இருக்கறது அவருக்குத் தெரியுதுன்னு வச்சுக்கலாம்." அவள் குரல் இன்னும் சன்னமாகிவிட்டது. நான் கல்லாவைத் தாண்டிக் குனிந்து கேட்டேன். "நான் பேசறேன், அவர் பாட்டுக்குச் சுவத்தைப் பாத்துட்டு இருக்கார். பத்துத் தடவை கூப்பிட்டா ஒரு தடவை என்னங்கறார், அதுவும் எரிச்சலா. குழந்தை பின்னாடியே அப்பா அப்பான்னு போகுது, திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறார். ஆனா நீங்க வாசல்ல நின்னு ஒரு குரல் கொடுத்தா துள்ளி எழுந்து ஓடறார். அண்ணி, உங்க பேச்சு மட்டும்தான் அவருக்குப் பேச்சு. நாங்க யாரு?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் என்னவோ சொக்குப்பொடி போட்டு வைத்திருக்கிற மாதிரியல்லவா பேசுகிறாள்? தாய் இல்லாத பிள்ளையை வளர்த்தேன், அவன் மரியாதையாக இருக்கிறான், அதில் என்ன குற்றம்? இதை எல்லாம் கேட்க வாயெடுத்தேன். அவள் கண்ணைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அழுது முடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"போறேன்னு அவன்கிட்ட சொன்னியா?"

"முகத்துக்கு நேரா நின்னு சொன்னேன். அது மட்டும் நல்லாக் கேட்டுது. கூட்டிட்டுப் போ, அதுவும் நல்லதுதான்னார்."

அவள் போய் வெகுநேரம் வரைக்கும் எனக்கு வேலை ஓடவில்லை. அடுத்த தரம் அவன் வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறேன் என்று கறுவிக்கொண்டிருந்தேன்.

அவன் மறுநாள் காலையிலேயே வந்தான், இன்னொரு ஸ்பீக்கரைத் தோளில் தூக்கிக்கொண்டு. கடையில் தையல்காரர் இருந்தார், எதிர் ஆஸ்பத்திரி நர்ஸம்மா டியூட்டி முடிந்து பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆட்கள் இருக்கும்போது குடும்பச் சண்டை வேண்டாம் என்று காத்திருந்தேன். அவன் பெட்டியின் முதுகைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, ஸ்பீக்கரை மாட்டிவிட்டு, முன்பக்கம் கையை நீட்டி ஒரு பாட்டை அழுத்தினான்.

கை கிளம்பி வந்து தட்டை உருவியது. திருப்பும்போது ஒரு சத்தம் வந்தது பாருங்கள். சிலேட்டில் ஆணியால் இழுத்தால் பல் கூசுமே, அதைப் பத்து ஆணியால் செய்த மாதிரி. நர்ஸம்மா ஸ்பூனைப் போட்டுவிட்டார். தையல்காரர் இரண்டு காதையும் அழுத்திக்கொண்டார். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது.

நான் தம்பியின் முகத்தைத்தான் பார்த்தேன். தலை பெட்டிக்குள், அந்தக் கைக்கு ஒரு சாண் தூரத்தில். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. பாட்டு எப்போது வரும் என்று பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தான்.

"டேய், என்னடா அது?"

"எது?"

"கத்திச்சே."

"என்ன கத்திச்சு?" இன்னொரு பாட்டை அழுத்தினான். மறுபடியும் அதே கிறீச். தையல்காரர் எழுந்தே போய்விட்டார். இவன் என்னைப் பார்த்து, "எங்க?" என்றான்.

நர்ஸம்மா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவர் தன் காதைத் தொட்டுக் காட்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கடை காலியானதும் அவனுக்குப் பின்னால் போய் நின்று, கண்ணாடி டம்ளரை ஸ்பூனால் தட்டினேன். டிங் டிங் என்று. திரும்பவில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன். ஊஹூம். பால் குண்டான் மூடியைத் தரையில் போட்டேன். "என்னக்கா, கை நழுவிடுச்சா?" என்று உடனே திரும்பினான். கனத்த சத்தம் எல்லாம் கேட்கிறது. மெல்லிசாக, கூர்மையாக இருப்பது எதுவும் அவனுக்கு இந்த உலகத்திலேயே இல்லை. அவன் பெண்டாட்டியின் குரல் அப்படிப்பட்ட குரல். உரத்த, கட்டையான என் தகரக் குரல் மட்டும் தப்பித்திருக்கிறது. இதைத்தான் அவள் பாசம் என்று நினைத்து வெந்துகொண்டிருக்கிறாள்.

நான் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

"பெட்டியில கோளாறு இல்லடா. உன் காதுல இருக்கு."

அவன் சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான்.

"மேல் சத்தம் பெட்டியில போகல, உனக்குப் போயிருக்கு. ஆஸ்பத்திரி எதிர்லயே இருக்கு. நானும் வரேன், ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடுவோம்."

"பைத்தியமா உனக்கு? கூட்டத்துல நடக்கிறவன் காலடிச் சத்தத்தைக்கூடச் சொல்லுவேன் நான்."

"சொல்லுவேதான். முன்னாடி. இப்ப அந்தக் கை கத்துறது தெருவுக்கே கேக்குது, உனக்குக் கேக்கல."

"அது ஒண்ணும் கத்தல."

"சரி, கத்தல. எனக்காக ஒரு சொட்டு எண்ணெய் விட்டுட்டுப் போ."

"அது கேக்காம நான் விட மாட்டேன்" என்றான். பேச்சு எப்படிப் போகிறது பாருங்கள். பிறகு ஸ்க்ரூ டிரைவரால் என்னைச் சுட்டிக்காட்டிச் சொன்னான்: "இதை எவன் காதுலயும் போட்டுடாதே. பெட்டிக்காரனுக்குக் காது போச்சுன்னு தெரிஞ்சா அப்புறம் என்னை எவன் பெட்டிகிட்ட விடுவான்? எனக்கு வேற என்ன தெரியும்?" காபியைத் தொடாமல் போய்விட்டான்.

பிறந்ததிலிருந்து என் காபியை அவன் அப்படி விட்டுவிட்டுப் போனதில்லை.

அன்று சாயங்காலமே துணிக்கடைக்குப் போனேன். பில் போடும் மேசைக்கு அருகே நின்று, வரிசையில் இருந்தவர்கள் முறைப்பதைப் பொருட்படுத்தாமல், எல்லாவற்றையும் தம்பி பெண்டாட்டியிடம் கொட்டினேன். கிறீச், டம்ளர், மூடி எல்லாம். அவள் பில்லைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"நல்லாத்தான் ஜோடிக்கிறீங்க அண்ணி" என்றாள்.

"நான் ஏம்மா ஜோடிக்கணும்?"

"காது கேக்காதவர் எப்படிப் பெட்டி ரிப்பேர் பண்றார்? போன வாரம்கூட லாட்ஜ்ல சரி பண்ணிட்டு வந்தார். அவருக்குக் கேக்கும். கேக்கணும்னு நெனச்சாக் கேக்கும்." அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "போகாதேன்னு ஒரு வார்த்தை. அது போதும். நான் எங்கயும் போக மாட்டேன். அதை அவரைச் சொல்லச் சொல்லுங்க பாப்போம்."

அவனிடம் போய்ச் சொன்னேன். சொல்லாமல் இருப்பேனா? வீட்டு வாசலிலேயே பிடித்து, போகாதே என்று அவளிடம் சொல்லடா, மானமா போய்விடும் என்று கெஞ்சினேன். அவன் கீழே பார்த்துக்கொண்டு, "வேண்டாம்க்கா, போகட்டும்" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை அங்கேயே அறைந்திருப்பேன். ஐம்பதைத் தொடுகிற ஆளைத் தெருவில் வைத்து அறைய முடியுமா? இரண்டு பேரும் கல்லு மாதிரி நின்றால், நடுவில் நான் ஒருத்தி எத்தனை தடவை மோதிக்கொள்வது? எக்கேடாவது கெட்டுப் போங்கள் என்று வந்துவிட்டேன்.

பெட்டி கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. நானே எண்ணெய் விடலாம் என்று முதுகைத் திறந்தேன். உள்ளே ஆயிரம் கம்பி, ஆயிரம் பல்சக்கரம். எதற்கு விடுவது? மூடிவிட்டேன். ஸ்விட்சை அணைத்துப்போடத்தான் நினைத்தேன், பாட்டு இல்லாவிட்டால் காபி இறங்காத கிராக்கிகள் சிலர் இருக்கிறார்கள், அவர்கள் விடவில்லை. தம்பி பெண்டாட்டியும் குழந்தையும் ஊருக்குக் கிளம்புகிற அன்று காலையில், ஒரு பாட்டுக்கு நடுவில் அல்ல, தொடங்குவதற்கு முன்பே, கை தட்டைத் தூக்கிப் பாதி திருப்பிய இடத்தில் ஒரு நீளமான ஓலத்தோடு நின்றுவிட்டது. மோட்டார் மட்டும் உறுமியது. கருகல் வாடை வந்தது. நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

தம்பிக்குச் சொல்லி அனுப்பினேன். என் மேல் எத்தனை கோபம் இருந்தாலும், ஒரு பெட்டி தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பாதியில் நிற்கிறது என்றால் அவனால் வராமல் இருக்க முடியாது. வந்தான். வணக்கம் இல்லை, காபி இல்லை. தரையில் பழைய துணியை விரித்து, பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையைத் தாங்கும் சட்டத்தை ஆணி ஆணியாகக் கழற்றினான். அச்சு வெளியே வரவில்லை. பித்தளைக் குழலோடு ஒட்டிப்போயிருந்தது. தட்டித் தட்டி உருவி எடுத்தான்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். நான் கல்லாவை விட்டு இறங்கிப் போய்ப் பார்த்தேன். வெள்ளி மாதிரி மின்ன வேண்டிய அச்சுக் கம்பி நீலம் பாரித்து, சுற்றிலும் வரிவரியாகத் தேய்ந்திருந்தது. குழலுக்குள் பித்தளை பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. எண்ணெயின் தடம்கூட இல்லை.

விரலை அந்த வரிகளின் மேல் வைத்துத் தடவினான். ஒவ்வொரு வரியாகத் தடவினான்.

"இது கத்தியிருக்கணுமே" என்றான்.

நான் அவன் பக்கத்தில் குனிந்தேன்.

"ஒரு நாள் ரெண்டு நாள்ல இவ்வளவு தேயாதுக்கா. மாசக்கணக்கா முனகி, அப்புறம் இது கத்தியிருக்கணும். கத்தாம இப்படி ஆகவே ஆகாது." என்னை நிமிர்ந்து பார்த்தான். "நீ சொன்னது இதைத்தானா?"

"இதைத்தான்டா."

"எல்லாருக்கும் கேட்டுதா?"

"நாய்க்குக்கூடக் கேட்டுது" என்றேன். இதைச் சொல்லியிருக்க வேண்டாம், ஆனால் என் வாய் அப்படி.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த நேரத்தில்தான் வாசலில் நிழல் விழுந்தது. தம்பி பெண்டாட்டி, கையில் சூட்கேஸ், தோளில் பை. பஸ் ஸ்டாண்ட் இந்தத் தெருக் கோடியில்தான் இருக்கிறது. அத்தையிடம் சொல்லிக்கொண்டுதான் வருவேன் என்று குழந்தை அடம் பிடித்திருக்கிறது. அவன் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். வந்தவர்களைப் பார்க்கவில்லை.

குழந்தை அம்மாவின் விரலை விட்டுவிட்டு ஓடிவந்து அவன் முதுகுக்குப் பின்னால் நின்றது. "அப்பா, நாங்க பஸ்ஸுல போறோம்" என்றது. அவன் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா, எனக்கு ஜன்னல் சீட்டு." அவன் அசையவில்லை. "அப்பா, நீங்களும் வாங்களேன். அப்பா." ஒரு முழம் தூரம் இருக்காது. அவன் பித்தளைப் பொடியை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தான்.

நான் அவன் பெண்டாட்டியைப் பார்த்தேன். சூட்கேஸ் இன்னும் கையில்தான் இருந்தது. அவள் புருஷனுடைய பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னங்க" என்றாள். பிறகு இன்னொரு தடவை, "என்னங்க" என்றாள். கடையில் வேறு சத்தம் இல்லை. எனக்கு நன்றாகக் கேட்டது. அவள் சூட்கேஸை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

குழந்தை அவன் தோளைத் தொட்டது. திடுக்கிட்டுத் திரும்பினான். மகளையும், பின்னால் நின்ற பெண்டாட்டியையும், சூட்கேஸையும் பார்த்தான். அவர்கள் எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள் என்று கணக்குப் போடுவது அவன் முகத்தில் தெரிந்தது. குழந்தை விட்ட இடத்திலிருந்து மறுபடி பேச ஆரம்பித்துவிட்டது, பஸ், ஜன்னல், அம்மா வாங்கித் தந்த பிஸ்கட். அவன் அதன் வாயையே பார்த்தான். உதடுகள் நிற்காமல் அசைவதைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"அக்கா" என்றான் என்னிடம். "இவ பேசுறாளா?"

"என்னடா கேள்வி இது? வாய் மூடுறதே இல்ல."

"எப்பலேர்ந்து?"

"எப்பலேர்ந்தா? பேச்சு வந்ததுலேர்ந்து."

அவன் பெண்டாட்டியிடம் திரும்பினான். கையிலிருந்த கம்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டான்.

"நம்ம சண்டையிலதான் பாப்பா பேச்சைக் குறைச்சுட்டான்னு நெனச்சேன்" என்றான். "வாய் மட்டும் அசையுது, சத்தம் வரல. பயந்து பயந்து முணுமுணுக்கிறா, எனக்கு முன்னாடி சத்தமாப் பேசப் பயப்படுறான்னு... உங்க அம்மா வீட்டுக்குப் போனாலாவது பழையபடி பேசுவான்னுதான் கூட்டிட்டுப் போன்னு சொன்னேன். எனக்கு மட்டும் போங்கன்னு சொல்லணும்னு ஆசையா?"

அவன் அழுதான். நான் அவனை அப்படிப் பார்த்ததில்லை. குழந்தை பயந்துபோய் அம்மாவைப் பார்த்தது, பிறகு அவன் பக்கம் திரும்பிச் சொன்னது: "அப்பா, நான் தினமும் சொன்னேனே."

"என்ன சொல்றா?" என்று என்னைக் கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் பெண்டாட்டிதான் வந்தாள். மண்ணெண்ணெய்க் கறை படிந்த அந்தத் துணியின் மேல், வெளியூருக்கு உடுத்திய நல்ல சேலையோடு, அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குழந்தை சொன்னதை எல்லாம் திருப்பிச் சொல்லப் போகிறாள் என்று எனக்குப் புரிந்தது. வெளியே பஸ் ஹாரன் அடித்தது, அவள் திரும்பவில்லை.

"எதுலேர்ந்து சொல்லட்டும்?" என்று கேட்டாள், அவளுடைய அந்த மெல்லிய குரலில். அவனுக்கு அதுவும் கேட்கவில்லை.